அது தூக்க மாத்திரை இல்லை, அக்கா!

எங்கள் அண்ணனூரில் ராத்திரி என்பது மற்ற ஊர் ராத்திரி மாதிரி இருக்காது. கடைசி மின்சார ரயில் போன பிறகும் கார் ஷெட் பக்கம் வண்டிச் சத்தம் ஓயாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் செகண்ட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் பன்னிரண்டு மணிக்குச் சோறு சாப்பிடுவார்கள். காலை ஷிப்ட்காரர்கள் நாலரைக்கே எழுந்து குளிப்பார்கள். எந்த நேரத்தில் எந்தத் தெருவில் போய் நின்றாலும் ஏதாவது ஒரு வீட்டில் விளக்கு எரியும். தூக்கம் என்பது இங்கே தானாக வருகிற சமாசாரம் இல்லை. பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய சமாசாரம். அதனால்தானோ என்னவோ, "நேத்து நல்லாத் தூங்கினேன்" என்று ஒருவர் சொன்னால், சாமி தரிசனம் கிடைத்த கதையைக் கேட்கிற மாதிரி சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வோம். "எப்படித் தூங்கினீங்க?" என்று யாரும் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. 34 வருஷம் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து, ஜன்னல் வழியாக லட்சக்கணக்கான மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தவன் நான். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், சொந்த அக்காவிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அக்கா வீடும் அண்ணனூர்தான். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. மாமா ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2022-ல் அடைமழை நேரம், வாசல் படியில் வழுக்கி விழுந்து அக்காவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்ட டாக்டர், பாரசிட்டமாலும் டிரமடாலும் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார். "அஞ்சு நாளைக்குத்தாம்மா. வலி பொறுக்க முடியலைன்னா மட்டும் போடுங்க" என்று தெளிவாகவே சொன்னார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. முறிந்த எலும்புக்கு அது நியாயமான மருந்து.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். அக்கா முகத்தில் ஒரு தெளிச்சி.

"எத்தனை வருஷம் ஆச்சுடா தம்பி இப்படித் தூங்கி! படுத்தது தெரியலை, விடிஞ்சது தெரியலை."

அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மாமா ஷிப்டுக்குப் போன காலம் முழுக்க விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சமைத்தவள் அக்கா. அவர் ஓய்வு பெற்ற பிறகு பையனின் ஷிப்ட் ஆரம்பித்தது. ஷிப்ட் யாருக்கோ, அவருக்கு மட்டுமா ஷிப்ட்? அடுப்பு பற்ற வைக்கிறவளுக்கும் ஷிப்ட்தான். ஆனால் அவளுக்கு நைட் அலவன்ஸ் கிடையாது, வார ஓய்வு கிடையாது. பையன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகும் அவளுக்கு இரண்டு மணிக்கு விழிப்பு தட்டிவிடும். அப்புறம் விடிகிற வரை புரண்டு கொண்டே இருப்பாள். இதை ஒரு வியாதி என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. "வயசானா தூக்கம் வராதுதானே!"

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை சரியாகிவிட்டது. ஒரு நாள் போன்.

"டேய், அந்தத் தூக்க மாத்திரை தீர்ந்து போச்சு. வரும்போது ஒரு அட்டை வாங்கிட்டு வா."

'தூக்க மாத்திரை!' பேரே மாறிவிட்டது பாருங்கள். அந்த இடத்தில் என் காதில் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. தெரிந்த மருந்துக் கடை. சீட்டு கேட்டிருக்க வேண்டிய தம்பி, "சார், உங்களுக்கு இல்லாததா?" என்று எடுத்துக் கொடுத்துவிட்டான். அட்டையின் பின்னால் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சாகியிருந்தது. 'எச்1' பட்டியல் என்று பெயர். 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிற விதி. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை எல்லாவற்றையும் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். 2018 ஏப்ரலில் டிரமடாலை மத்திய அரசு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பாடமே எடுத்திருக்கிறேன். ஆனால் சட்டம் என்றால் யாரோ முகம் தெரியாத பையன்களுக்கு. அக்காவுக்கு எதுக்குச் சட்டம்?

இப்படியே ஏழெட்டு மாதம். நடுவில் ஒருமுறை, "ஒண்ணு போட்டா இப்பல்லாம் பிடிக்கிறதில்லைடா, ரெண்டா போட்டுக்கறேன்" என்றாள். அதையும் கேட்டுக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மாமா எழுப்பிய ராத்திரி

அந்த வருஷம் கோடையில் அக்காவுக்குக் கொஞ்சம் படபடப்பு. வேறொரு டாக்டரிடம் மாமா அழைத்துப் போனார். அவர் அல்பிரசோலம் எழுதினார். 'வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' என்று அவர் கேட்டாராம். அக்கா பி.பி. மாத்திரையைச் சொன்னாள். அந்த இன்னொன்றைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது 'தூக்கத்துக்குத்தானே' என்று அவளுக்கு அது கணக்கிலேயே வரவில்லை.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, ராத்திரி பாத்ரூம் போக எழுந்த மாமா, அக்கா குறட்டை விடுவதைக் கேட்டிருக்கிறார். பாவம், அசந்து தூங்குகிறாள் என்று விளக்கைக்கூடப் போடாமல் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது. 'அப்பாடா' என்று அவர் திரும்பிப் படுத்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது: குறட்டை மட்டும் இல்லை, மூச்சுச் சத்தமும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு இழுப்பு. மறுபடி நிசப்தம். விளக்கைப் போட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. உலுக்கினார், பேர் சொல்லிக் கத்தினார், முகத்தில் தண்ணீர் அடித்தார். கண் திறக்கவில்லை.

108 வந்தது. ஆக்சிஜன் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இவங்க என்னென்ன மாத்திரை போடுறாங்க? இருக்கிறதையெல்லாம் எடுத்துட்டு வாங்க." மாமா வீட்டுக்குப் போய் அந்த நீல நிற பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார். அதில் விழுந்த அட்டைகளில் பாதி நான் வாங்கிக் கொடுத்தவை.

அக்கா பிழைத்துவிட்டாள். மாமா அன்றைக்கு பாத்ரூம் போக எழுந்தார், அதனால் பிழைத்தாள். அவ்வளவுதான்.

தூங்குகிற கூர்க்கா

இந்த மாத்திரை ஏன் தூக்கம் தருகிற மாதிரி இருக்கிறது? கதை 200 வருஷத்துக்கு முன்னால் ஆரம்பிக்கிறது. ஜெர்மனியில் செர்ட்டுர்னர் என்று ஒரு இளைஞர். அவரும் என்னைப் போல மருந்துக் கடை ஆள்தான். அபினிலிருந்து அதன் சாரத்தை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தவர். அதை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாய்கள் தூங்கின. சில எழுந்திருக்கவே இல்லை. அப்படியும் அவர் அந்தப் பொருளுக்கு, கனவுகளின் கிரேக்கக் கடவுளான மார்ஃபியஸின் பெயரை வைத்தார். அதுதான் மார்ஃபின். வலி மருந்துக்குத் தூக்கத்தின் பெயரை வைத்த அந்தக் குழப்பம் இன்றைக்கும் நம் வீட்டு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

(நம் பாட்டிமார் தூக்கம் வராதவர்களுக்குக் கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து கொடுப்பார்களே, அதுவும் அதே செடியின் விதைதான். விதையில் போதைச் சத்து ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற அளவுதான். இருந்தாலும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைத்துவிடாதீர்கள். அங்கே அதற்குத் தடை இருக்கிறது.)

டிரமடால் செடியிலிருந்து வருவதில்லை. ஜெர்மனியில் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, 1977-ல் விற்பனைக்கு வந்தது. ஆனால் மூளையில் போய் உட்காருகிற நாற்காலி, மார்ஃபின் உட்காருகிற அதே நாற்காலி. அதே குடும்பத்தில் கோடீன், பென்டாசோசின், டேபென்டடால், புப்ரினார்ஃபின் எல்லாம் உண்டு. 'அபின் வகை வலி மாத்திரை' என்று நான் சொல்வது இவற்றைத்தான். பாரசிட்டமாலோ, டைக்ளோஃபினாக்கோ இந்த வகை இல்லை. அவற்றின் ஆபத்துகள் வேறு. அது இன்னொரு நாள் கதை.

நாம் தூங்கும்போது மூச்சை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? விழித்திருக்கும்போது நாமே பாதிக் காவல். தூங்கிவிட்டால் முழுப் பொறுப்பும் மூளைத்தண்டில் இருக்கிற ஒரு சின்னப் பகுதிக்குப் போய்விடும். நம் தெருவில் ராத்திரி தடியைத் தட்டிக்கொண்டு விசில் ஊதிப் போவாரே கூர்க்கா, அந்த மாதிரி. ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் ஏறினால் போதும், "மூச்சை இழு" என்று தடியைத் தட்டுவார். அபின் வகை மருந்து என்ன செய்கிறது தெரியுமா? அந்த கூர்க்காவைத் தூங்க வைக்கிறது. வாயு ஏறினாலும் அவருக்குக் காது கேட்பதில்லை. தடி தட்டுவது மெதுவாகிறது. சில நேரம் நின்றே போகிறது.

கூடவே, தொண்டைத் தசைகளும் தளர்ந்துவிடும். ஏற்கெனவே குறட்டை விடுகிறவர், உடம்பு பருத்தவர், வயதானவர், ஆஸ்துமாக்காரர், சிறுநீரகம் கெட்டவர் என்றால் ஆபத்து இரட்டிப்பு. தினமும் இந்த வகை மருந்து எடுப்பவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது அபூர்வமான விஷயமே இல்லை. மெத்தடோன் என்கிற அபின் வகை மருந்தைச் சிகிச்சையாக எடுத்துக்கொண்டிருந்த 50 பேரை ஆஸ்திரேலியாவில் ராத்திரி முழுக்கக் கருவி வைத்துப் பார்த்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. பத்தில் மூன்று பேருக்கு, தொண்டை அடைக்காமலே, மூளை உத்தரவு போடாததால் மூச்சு நின்று நின்று வந்தது.

சரி, மூச்சை விடுங்கள். அது தருகிற தூக்கமாவது நல்ல தூக்கமா என்றால், அதுவும் இல்லை. நம் தூக்கத்தில் படிகள் இருக்கின்றன. மேலோட்டமான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம். உடம்பைச் செப்பனிடுவதும் மனசைத் துடைப்பதும் பின்னால் வருகிற இரண்டும்தான். இந்த மருந்து அவை இரண்டையும் குறைத்து, மேலோட்டமான தூக்கத்தை நீட்டிவிடுகிறது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் அக்கா பகலெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சோர்வுக்கு நான் டானிக் வாங்கிக் கொடுத்தேன். இதைவிட என்ன சொல்ல!

தனியாக ஒரு மாத்திரை என்றாலே இவ்வளவு. கூட ஒரு துணை சேர்ந்தால்? 2008 ஜனவரியில் நியூயார்க்கில் ஹீத் லெட்ஜர் என்ற ஹாலிவுட் நடிகர் படுக்கையில் இறந்து கிடந்தார். வயது 28. பேட்மேன் படத்தில் ஜோக்கராக வந்தாரே, அவர்தான். இறந்த பிறகு அந்த வேஷத்துக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். ராத்திரியில் சராசரியாக இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறேன் என்று இரண்டு மாதம் முன்னால்தான் பேட்டியில் சொல்லியிருந்தார். பிரேதப் பரிசோதனையில் இரண்டு அபின் வகை வலி மருந்துகள், மூன்று பதற்ற, தூக்க மருந்துகள், ஒரு சாதாரண அலர்ஜி வகை மருந்து என்று ஆறு மருந்துகள். விபத்து என்றுதான் தீர்ப்பு. அதாவது அவர் சாக நினைக்கவில்லை. எல்லாமே டாக்டர் சீட்டில் கிடைக்கக்கூடிய சாதாரண மருந்துகள்தான். ஒன்றாகச் சேர்ந்ததுதான் வினை. 2016 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அபின் வகை வலி மருந்தோடு அல்பிரசோலம், டயசிபாம் இனத்து மருந்துகளைச் சேர்ப்பது பற்றி அட்டையிலேயே கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கச் சொன்னது.

நம் பக்கம் அந்தத் துணை பெரும்பாலும் பாட்டிலில் வருகிறது. ஷிப்ட் முடித்து, உடம்பு வலி என்று ஒரு மாத்திரை, தூக்கம் வர ஒரு குவாட்டர். காலையில் எழுந்துவிட்டால் அது பழக்கம். எழுந்திருக்காவிட்டால் 'தூக்கத்திலேயே மாரடைப்பு' என்று சொல்லிக் காரியத்தை முடித்துவிடுகிறோம். அவற்றில் எத்தனை நிஜமாகவே மாரடைப்பு என்று நான் யோசிப்பதுண்டு.

'அந்தப் பசங்க வேற, நாம வேற'

அம்பத்தூர், ஆவடி பக்கம் வலி மாத்திரை விற்ற வாலிபர்கள் கைது என்று பேப்பரில் அடிக்கடி செய்தி வருகிறது. பெரும்பாலும் டேபென்டடால். சென்னையில் இதைத் தண்ணீரில் கரைத்து ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் செத்துப்போன செய்திகளும் வந்திருக்கின்றன. படித்துவிட்டு, "காலம் கெட்டுப் போச்சு" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ராத்திரி நம் பங்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கிறோம். அந்தப் பையனுக்கும் அக்காவுக்கும் எண்ணம்தான் வேறு. கூர்க்காவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எனக்கு இதில் கோபம் கூட உண்டு: பையன் மாட்டினால் 'போதை ஆசாமி', பெரிய மனுஷி மாட்டினால் 'மாத்திரை ஒத்துக்கலை'. 2019-ல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்த கணக்கு, 10 முதல் 75 வயதுக்குள் இருக்கிற இந்தியர்களில் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒருவர் மருந்துக் கடை அபின் வகை மருந்துகளைத் தவறாக உபயோகிப்பதாகச் சொன்னது. இந்தக் கணக்கில் அக்காவைப் போன்றவர்கள் எத்தனை பேர் கை தூக்கியிருப்பார்கள்? யாராவது வீட்டுக்கு வந்து 'போதை மருந்து சாப்பிடுறீங்களா?' என்று கேட்டிருந்தால் அவள் துடைப்பத்தை எடுத்திருப்பாள்.

எங்கள் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. 90-களில் டெக்ஸ்ட்ரோப்ரோபாக்ஸிஃபீன் கலந்த கேப்ஸ்யூல்கள் மிட்டாய் மாதிரி போயின. தலைவலியா, மூட்டு வலியா, அசதியா, எதற்கும் அதுதான். 'போட்டா சுகமா இருக்குது சார்' என்று கேட்டு வாங்கிப் போவார்கள். இதயத் துடிப்பைக் குலைக்கிறது, அளவு கொஞ்சம் மீறினாலே உயிர் போகிறது என்று 2005-ல் பிரிட்டன் அதைக் கைவிட முடிவு செய்தது. 2010-ல் அமெரிக்கா எடுத்தது. 2013 மே மாதம் இந்தியா தடை போட்டது. அதுவரை நான் எண்ணிக் கொடுத்ததற்குக் கணக்கு இல்லை. அந்த 'சுகமா' என்ற வார்த்தையை அப்போதே யாராவது நிறுத்தி, 'வலி போச்சா, சுகமா இருக்கா, ரெண்டுல எது?' என்று கேட்டிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தப்பாகப் புரிந்துகொண்டுவிடாதீர்கள். இந்த மருந்துகளே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. புற்றுநோய் வலியில் துடிக்கிற ஒருவருக்கு மார்ஃபின் கொடுக்காமல் 'பழக்கமாகிவிடும்' என்று பயமுறுத்துவது பாவம். நம் நாட்டில் அந்தப் பயத்தால் வலியோடு செத்தவர்கள் நிறையப் பேர். ஆபரேஷன் ஆன முதல் சில நாள், எலும்பு முறிவு, இதற்கெல்லாம் டாக்டர் கண்காணிப்பில் இவை வரப்பிரசாதம். வலி இருக்கும்போது வலிக்காக, சொன்ன நாள் வரை. வலி போன பிறகு தூக்கத்துக்காக என்று அதே அட்டையை நீட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நிறுத்தின கதை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு, "இனிமே அதைக் கண்ணால பார்க்க மாட்டேன்" என்று அக்கா எல்லாவற்றையும் தூக்கிப் போடக் கிளம்பினாள். டாக்டர் தடுத்துவிட்டார். பல மாதம் தினமும் போட்டதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. டிரமடால் மட்டும் இல்லை, அல்பிரசோலமும் அப்படித்தான். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மனநல மருத்துவர் ஒருவர் அளவைப் படிப்படியாகக் குறைத்தார். ஆறேழு வாரம் ஆனது.

அந்த ஆறேழு வாரத்தில்தான் எனக்கு இதன் சூது புரிந்தது. அளவைக் குறைத்தபோதெல்லாம் அக்காவுக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கு ஒழுகும். வியர்த்துக் கொட்டும். வயிற்றுப் போக்கு. ராத்திரி காலை ஒரு இடத்தில் வைக்க முடியாமல் உதறிக்கொண்டே இருப்பாள். எல்லாவற்றுக்கும் மேலே, பொட்டுத் தூக்கம் கிடையாது. பழைய இரண்டு மணி விழிப்பு போய், ராத்திரி முழுக்க விழிப்பு. அப்போதுதான் சொன்னாள்: "நடுவுல ஒருதரம் ரெண்டு நாள் மாத்திரை இல்லாம இருந்தேன்டா. இதே மாதிரிதான் இருந்தது. பாரு, மாத்திரை இல்லாட்டி தூக்கமே வராதுன்னு நினைச்சுத்தான் திரும்பப் போட்டேன்."

தூக்கத்தைப் பறித்தது மாத்திரை. பறித்த தூக்கத்தை ராத்திரிக்கு ராத்திரி வாடகைக்கு விட்டதும் அதே மாத்திரை. அக்கா அதை வைத்தியம் என்று நம்பினாள். படித்த நானும் நம்பினேன்.

குறைத்து முடித்த பிறகுதான் அந்த டாக்டர் நிஜமான வியாதியைக் கையில் எடுத்தார். இரண்டு மணி விழிப்பு எத்தனை வருஷமாக, மதியம் எத்தனை மணி நேரம் படுக்கிறாள், டீ எத்தனை, மனசில் என்ன ஓடுகிறது என்று முக்கால் மணி நேரம் கேட்டார். 30 வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்விகள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, பழக்கத்தை மாற்றுகிற பயிற்சிதான் என்று 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அக்காவுக்குச் சொன்னதும் அதுதான். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். மதியத் தூக்கம் கட். மூன்று மணிக்கு மேல் டீ, காப்பி கிடையாது. தூக்கம் வந்தால்தான் கட்டிலுக்குப் போக வேண்டும். இருபது நிமிஷம் புரண்டால் எழுந்து வேறு அறையில் உட்கார வேண்டும். கேட்கச் சுலபம், செய்ய மகா கஷ்டம். முதல் பத்து நாள் அக்கா என்னைத் திட்டாத திட்டில்லை. அவளுடைய குறட்டைக்குத் தனியாகத் தூக்கப் பரிசோதனையும் எடுத்தார்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு அவளுக்கு முன்பிருந்தே இருந்திருக்கிறது. அந்தத் தொண்டைக்குத்தான் நான் அட்டை அட்டையாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

நைட் ஷிப்ட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பகலில் தூக்கம் வராதது உங்கள் உடம்பின் குற்றம் இல்லை. வெளிச்சம் பட்டால் மூளை பகல் என்றுதான் நினைக்கும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, வீட்டாருக்குக் கொஞ்சம் கண்டிப்பு, வேலை முடிகிற நேரத்தில் டீயை நிறுத்துவது என்று ஆரம்பியுங்கள். முடியவில்லையென்றால் 'எனக்குத் தூக்கம் வரலை' என்று அதையே தனிப் புகாராக டாக்டரிடம் சொல்லுங்கள். முதுகுவலிக்குப் போன இடத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு கடைசியாகச் சொல்லாதீர்கள்.

டாக்டர்களிடம் ஒரு விண்ணப்பம். இந்த மாத்திரையை எழுதும்போது 'வலிக்கு மட்டும், தூக்கத்துக்கு இல்லை' என்று சீட்டிலேயே தமிழில் எழுதிவிடுங்கள். மருந்துக் கடைத் தம்பிகளே, என்னைப் போன்ற 'தெரிந்த சார்'கள் வந்தால்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நாங்கள்தான் சீட்டு இல்லாமல் வருவோம்.

உங்கள் வீட்டு டப்பாவை இன்றைக்கே கவிழ்த்துப் பாருங்கள். அட்டையின் முன்பக்கம் இருக்கிற பெரிய பெயரைப் பார்க்காதீர்கள்; அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். மேலே சொன்ன டிரமடால், டேபென்டடால் இனத்தில் ஏதாவது கண்ணில் பட்டால், அது ஏன் இன்னும் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எப்போதோ முடிந்த சிகிச்சையின் மிச்சம் என்றால் பிரித்து டீச் சக்கையோடு கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். யாராவது தினமும் போட்டுக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டு. 1980-லிருந்து இந்தப் பணியில் இருக்கிற டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கோ, 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கோ இலவசமாகப் பேசலாம். 'போதை' என்ற வார்த்தையைப் பார்த்துக் கூசாதீர்கள்.

இந்த மாத்திரை போட்டவர் தூங்கும்போது மூச்சு மெதுவாக, விட்டு விட்டு வந்தால், கொரகொரவென்று வழக்கமில்லாத குறட்டை கேட்டால், உதடோ நகமோ நீலமானால், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருந்தால், உலுக்கியும் எழவில்லை என்றால், 'தூங்கட்டும், தெளிஞ்சுடும்' என்று விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருகிற வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்திலேயே இருந்து மூச்சைப் பாருங்கள். காப்பி, எலுமிச்சம்பழச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். மூச்சே நின்றுவிட்டால், 108-ல் பேசுகிறவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

அக்கா இப்போது ராத்திரி ஐந்து, ஐந்தரை மணி நேரம் தூங்குகிறாள். மூச்சடைப்புக்கு முகத்தில் ஒரு கருவி மாட்டிக்கொண்டு படுக்கிறாள். பேரன் அதைப் பார்த்து யானை என்கிறான். மாமா இன்னமும் ராத்திரியில் இரண்டு தரம் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்க்கிறார். அவருடைய தூக்கம்தான் இப்போது கெட்டுவிட்டது.

இந்தக் கட்டுரையை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"என் பேரைப் போட்டுடாதே."

"போடலைக்கா."

"மாமா நான் நல்லாத் தூங்கறேன்னு நினைச்சு விளக்கைப் போடாமப் படுத்தாரே, அதை எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன்."

"அதை மட்டும் எடுக்க விடாதே."